ஓரம் வெட்ட வேண்டாம்

ஊவா மாகாணத்தில் அவரளவு புத்தகம் பார்த்த மனிதர் இல்லை. அவர் ஒரு பாட்டுக்கூட முழுதாகப் படித்ததும் இல்லை. இரண்டும் உண்மை.

எல்லோரும் புத்தகத்தின் நடுவைப் படிப்பார்கள். அவர் ஓரத்தைப் படிப்பார். அச்சடித்தது அவருக்கு வேண்டாம். அதைச் சுற்றி யாரோ கையால் எழுதி வைத்தது மட்டும் வேண்டும். அதனால் பதுளைக் கடைத்தெருவில் அவருக்கு ஓரத்தார் என்று பெயர். சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்கும். நான் கேட்டதில்லை.

நமுனுகுலப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் அவர் தபால்காரர். பூட்டுப் போட்ட தோல் பையில் தோட்டத்துக் காயிதங்களைப் பதுளையில் வாங்கிக்கொண்டு போவது வேலை. காலை பஸ்ஸில் மலையிலிருந்து இறங்குவார். பனியும் அவரோடு இறங்கும். கோட்டு நனைந்திருக்கும். குடை நனைந்திருக்கும். காதில் செருகிய பென்சில் மட்டும் காய்ந்திருக்கும். அது தொலையாமல் இருக்க ஒரு நூலால் கோட்டுப் பொத்தானில் கட்டியிருப்பார். தூரத்தில் பார்த்தால் காதுக்கு மெஷின் வைத்தவர் போல இருப்பார்.

நான் நானாவின் கடையில் புத்தகம் கட்டுகிறவன். நானா முஸ்லிம் முதலாளி. பள்ளிவாசல், கோயில், சர்ச், தோட்டத்துக் கந்தோர், எல்லா இடத்துப் புத்தகமும் எங்களிடம் வரும். தைக்க வேண்டும். பசை போட வேண்டும். மட்டை போட வேண்டும். கடைசியில் மெஷினில் வைத்து ஓரத்தை வெட்ட வேண்டும். வெட்டினால்தான் பழைய புத்தகம் புதிதாகத் தெரியும். அப்படிப்பட்ட கடைக்குத்தான் அவர் வந்து சேர்ந்தார்.

முதல் நாள் தோட்டத்துச் செக்ரோல் புத்தகங்களை எடுக்க வந்தார். பேர் பதிகிற புத்தகம் அது. அதைத் தொடவில்லை. பெஞ்சில் கிடந்த ஒரு பள்ளிக்கூடப் புத்தகத்தை எடுத்துத் திறந்தார். ஒரு இடத்தில் விரலை வைத்தார்.

"இத யாருங்க எழுதினது?"

நானா கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "எதச் செல்றீங்க? பாட்டையா?"

"பாட்டு கெடக்கட்டுங்க. இது."

ஓரத்தில் பென்சிலால் 'பசிக்கிறது' என்று இருந்தது.

"ஏதோ புள்ள எழுதீக்குது," என்றார் நானா.

"சாப்புட்டுச்சா?"

நானா என்னைப் பார்த்தார். நான் பசையைப் பார்த்தேன்.

அந்தப் புத்தகம் முடிந்து போகிற வரை அவர் தினமும் வந்து கேட்டார். பள்ளிக்கூடத்து வாத்தியார் எடுக்க வந்தபோது அவரையும் பிடித்துக்கொண்டார். இப்போது எல்லாப் பிள்ளைகளுக்கும் மத்தியானம் பணிஸ் கொடுக்கிறோம் என்று வாத்தியார் சொன்ன பிறகுதான் விட்டார்.

இந்தப் பழக்கம் அவருக்குத் தொழிலால் வந்தது. தோட்டத்தில் பாதிப் பேருக்கு வாசிக்கத் தெரியாது. இந்தியாவிலிருந்து காயிதம் வந்தால் லயத்து வீட்டு வாசலில் அவரே உடைத்து வாசித்துக் காட்ட வேண்டும். தாள் முழுக்க ஒரே மாதிரி இருக்குமாம். இங்கு நலம், அங்கு நலமா, மாமாவுக்கு வணக்கம், அத்தைக்கு வணக்கம். வணக்கம் சொல்லி முடிவதற்குள் தாள் முடிந்துவிடும். அப்போதுதான் எழுதுகிறவருக்கு விஷயம் ஞாபகம் வரும். தாளைத் திருப்பி ஓரத்தில் பொடி எழுத்தில் நுழைப்பார். 'அப்பா போன மாதம் தவறிவிட்டார்.'

"வணக்கத்துல ஆரம்பிச்சு வாசிச்சா ஓரத்துக்கு வர்றதுக்குள்ள எல்லாரும் சிரிச்சிக்கிட்டு நிப்பாங்க தம்பி," என்றார் என்னிடம். "அப்பறம் எப்படிச் சொல்றது? அதனால மொதல்ல ஓரத்தப் பாத்துருவேன். மொகத்த அதுக்குத் தக்கன வச்சிக்கிட்டு அப்பறம் வாசிப்பேன்."

இருபது வருஷம் அப்படி வாசித்தவர். நடு அவருக்குக் கண்ணில் படாமலே போய்விட்டது.

பிறகு அந்தப் புத்தகம் வந்தது.

தோட்டத்தில் ஒரு பெரிய கிளாக்கர் வேலையை விட்டுப் போனார். பங்களாவைக் கழுவும்போது குப்பையோடு அது விழுந்தது. மட்டை இல்லை. யாரோ சணல் போட்டுப் பக்கவாட்டில் இறுக்கித் தைத்திருந்தார்கள். ராஜாக்கள் காலத்துப் பாட்டு. சென்னைப்பட்டணத்தில் அச்சு வந்த புதிதில் அடித்தது. தாள் பழுத்துத் தேயிலைச் சாயம் போல இருந்தது. நடுவில் பாட்டு. நாலு பக்கமும் கையெழுத்து.

அதைக் கோட்டுக்குள் வைத்து நனையாமல் கொண்டுவந்தார். பெஞ்சில் விரித்தார்.

"ரெண்டு பேரு இருக்காங்க தம்பி. மையில எழுதுறவரு ஒருத்தரு. பென்சில்ல எழுதுறது ஒரு அம்மா."

"அம்மான்னு எப்படித் தெரியும்?"

"வாசிங்க."

நான் தோட்டப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு. எழுத்துக் கூட்டி வாசித்தேன். மையில் 'இப்பாடம் பிழை' என்று இருந்தது. அடுத்த பக்கம் 'உரை தவறு'. அடுத்த பக்கம் 'புலவர் அறியாது பாடினார்'. பாடியவரையே விடவில்லை. பென்சில் வேறு மாதிரி. 'இன்று நல்ல வெயில்.' 'இந்த இடம் விளங்கவில்லை, ஆனால் நன்றாக இருக்கிறது.' 'பால் பொங்கிவிட்டது. இதோடு நிறுத்துகிறேன்.'

"அடுப்படியில வச்சிப் படிச்சிருக்காங்க," என்றார் ஓரத்தார். இளகிய குரல்.

அன்றிலிருந்து கடையில் இரண்டு பேர் கூடிவிட்டார்கள். மைக்காரனும் அந்தம்மாவும். மழை பெய்யும் மத்தியானங்களில் தகரத்தில் சத்தம் ஓடும். தெருவில் ஆள் இருக்காது. மலை இருந்த இடத்தில் வெள்ளை மட்டும் இருக்கும். ஓரத்தார் பஸ் வரும்வரை பெஞ்சில் உட்கார்ந்து ஒரு பக்கத்தின் ஓரத்தைப் படிப்பார். ஒரு நாளைக்கு ஒன்றுதான். படித்துவிட்டு அந்தம்மாவுக்குப் பக்கத்தில் தன் பென்சிலால் ஒன்று எழுதுவார். வெயில் என்று அவர்கள் எழுதியிருந்தால் 'இங்கு மழை' என்று எழுதுவார். நான் நூல் இழுக்கிற சத்தமும் அவர் பென்சில் சத்தமும் மட்டும் கேட்கும். சில நேரம் மூன்றாவதாக ஒரு பென்சில் சத்தம் கேட்கிற மாதிரியும் இருக்கும்.

"நீங்களும் ஒண்ணு எழுதுங்க தம்பி," என்பார்.

"எனக்கு எழுத என்ன இருக்கு."

ஒருநாள் கண் பெரிதாக வந்தார். பால் பொங்கிய பக்கங்களை எல்லாம் எண்ணியிருக்கிறார். பள்ளிக்கூடத்து வாத்தியாரை பஸ்ஸில் பிடித்து, அந்தப் பக்கங்களில் நடுவில் என்ன பாட்டு என்று கேட்டிருக்கிறார்.

"எல்லாம் பிரிஞ்சி போற பாட்டாம் தம்பி. ஒண்ணுகூடத் தப்பல. ஒரு வீட்டுல பால் இத்தன தடவையா பொங்கும்? கண்ணு கலங்கியிருக்கு. அத எழுத வெக்கம். பால் மேல பழியப் போட்டுட்டாங்க."

நானா கணக்குப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினார். "நல்ல பொம்புள," என்றார். நானா வாயிலிருந்து அவ்வளவு வருவது பெரிய காரியம்.

புத்தகத்தின் பாதியில் வினை வந்தது. ஒரு பக்கத்தில் மைக்காரன் பெரிய எழுத்தில் எழுதியிருந்தான். 'நூலில் கிறுக்குவது மூடர் செயல்.'

"இத எங்க எழுதியிருக்கான் பாருங்க," என்றார் ஓரத்தார். "நூல்லதான்."

அதற்குக் கீழே அந்தம்மா எழுதியது, 'மிச்சம் நாளைக்கு.' அதோடு சரி. மேலே நான் புரட்டிப் பார்த்தேன். பென்சில் இல்லை. மிச்சம் இருநூறு பக்கமும் ஓரம் வெறுமை.

ஒரு வாரம் ஓரத்தார் வேறு புத்தகம் தொடவில்லை. வருவார். உட்காருவார். அந்தப் பக்கத்தையே பார்ப்பார். போவார்.

பிறகு தேட ஆரம்பித்தார். மிச்சத்தை வேறு புத்தகத்தில் எழுதியிருப்பார்கள் என்பது அவர் எண்ணம். கடைக்கு வருகிற ஒவ்வொரு புத்தகத்தையும் புரட்டினார். சர்ச்சுப் பாட்டுப் புத்தகத்தை விடவில்லை. நானாவின் அரபுப் புத்தகத்தையும் பார்க்கக் கேட்டார். ஹாலிஎலயில் ஒரு மளிகைக் கடையில் அதே கையெழுத்தில் ஒரு கல்யாண வீட்டுக்குச் சாமான் எழுதிய துண்டு கண்டுபிடித்தார். அச்சு அசல் அதே எழுத்து. பாலும் அதில் இருந்தது. தபால் பையோடு மூன்று மைல் நடந்து அந்தக் கல்யாண வீட்டுக்குப் போனார். எழுதினவர் சமையல்காரர். ஆறடி. மீசை காது வரை.

"அப்ப அந்தம்மா இல்ல," என்றேன்.

"மீசைய மட்டும் வச்சி முடிவு பண்ண முடியாது தம்பி. 'பால் பொங்கினா என்ன செய்வீங்க'ன்னு கேட்டேன். 'எறக்கி வைப்பேன்'னாரு. அப்பத்தான் இவரு இல்லன்னு தெரிஞ்சிச்சு."

நானாவுக்கு ஒரு கட்டத்தில் பொறுக்கவில்லை. "மிச்சப் பாட்டைத்தான் நீங்க பாருங்களேன். ஓரம் இல்லாட்டி என்ன. நடுவுல ஈக்குதுதானே."

"அந்தம்மா இந்த எடத்துல நிக்கிறாங்க நானா. அவங்கள உட்டுட்டு நான் முந்திப் போறதா?"

அந்தப் பக்கத்தைத் தாண்டி அவர் ஒரு தாள் திருப்பவில்லை. நாலு வருஷம்.

எழுபதுகளின் நடுவில், இரண்டு அரசாங்கமும் செய்த ஒப்பந்தப்படி, தோட்டத்துச் சனங்களுக்கு இந்தியாவுக்குப் போகக் காயிதம் நிறைய வர ஆரம்பித்தது. வீடு வீடாக வந்தது. அந்தக் காயிதங்களையும் அவர்தான் மலைக்குச் சுமந்தார். ஒரு நாள் பையைத் திறந்தால் அவர் பேருக்கும் ஒன்று இருந்தது. மகள் குடும்பத்தோடு போக வேண்டும். மதுரைப் பக்கம் ஏதோ ஊர். அவர் பார்த்ததில்லை.

கடைக்கு வந்து அதைச் சொல்லவில்லை. புத்தகத்தைப் பெஞ்சில் வைத்தார்.

"கப்பல்ல போற வழியில பிரிஞ்சிரும் தம்பி. ஒரு மட்டை போட்டுக் குடுங்க. ஓரத்த வெட்டிராதீங்க."

"சரிண்ணே."

"வெட்டிராதீங்க."

"சரின்னேன்ல."

புத்தகத்தை ஒருமுறை தடவிவிட்டு எழுந்தார்.

"ஊர விட்டுப் போறது கூடப் பரவால்ல. எங்கேயோ இந்தப் பக்கத்துலதான் அந்தம்மா எழுதிக்கிட்டிருப்பாங்க. நான் போயிட்டா யாரு தேடுவா? படிச்சி முடிச்சாங்களா இல்லையான்னு தெரியாமலே போறேன்."

எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார். பென்சிலை எடுத்து முதல் பக்கத்து ஓரத்தில் எழுதினார். 'ஓரம் வெட்ட வேண்டாம்.' எழுதிவிட்டுப் பஸ்ஸுக்குப் போனார்.

அந்த வாரம் தோட்டங்களிலிருந்து எழுபது செக்ரோல் புத்தகம் வந்து குவிந்தது. நானா அவசரப்படுத்தினார். அவர் புத்தகத்தின் சணல் தையலை அவிழ்த்தால் தாள் கிழியும் என்று நினைத்தேன். தையல் மேலேயே பசை போட்டு மற்றவற்றோடு அடுக்கி வைத்தேன். பிறகு ஒவ்வொன்றாக எடுத்து மெஷினில் வைத்து வெட்டினேன். எடுப்பது, வைப்பது, வெட்டுவது. என் காதுக்குச் சொன்னார். என் கைக்குக் காது கிடையாது.

கத்தி இறங்கிய பிறகுதான் தாளின் தேயிலை நிறத்தைப் பார்த்தேன்.

வெட்டிய ஓரம் கீற்றுக்கட்டாகத் தரையில் விழுந்தது. வாசல் காற்று அதைக் கலைத்தது. என் காலடியில் வந்து நின்ற கீற்றில் 'வேண்டாம்' என்று இருந்தது.

நானா வந்து பார்த்தார். "என்ன செஞ்சாய்?"

"வெட்டிட்டேன்."

அவர் வாசலுக்குப் போய்க் கதவைச் சாத்தினார். பிறகு வேட்டியை மடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து கீற்றுகளைப் பொறுக்க ஆரம்பித்தார். ஐம்பத்தைந்து வயது மனிதர். முழங்கால் வலிக்காரர்.

மேல் ஓரத்தையும் கீழ் ஓரத்தையும் இன்னும் வெட்டவில்லை. அது ஒன்றுதான் ஆறுதல். ஊர் போகும் வேலையில் இருந்த ஓரத்தார் வர நாலு நாள் இருந்தது. செக்ரோல் வேலையை நானா ஏற்றுக்கொண்டார். நான் வெங்காயத்தோல் போல மெல்லிய தாள் வாங்கி, கீற்றைத் தாளோடு பொருத்தி மேலே ஒட்டினேன். வாசித்துப் பொருத்தவில்லை. பலகை பொருத்துவது போலப் பொருத்தினேன். இந்தப் பக்கம் பாதி எழுத்து, அந்தப் பக்கம் பாதி எழுத்து. வெளியே மழை விடவில்லை. ஒட்டிய தாள்களைக் கயிற்றில் காயப் போட்டோம். கடை முழுக்க அந்தம்மாவின் வெயில் நாட்கள் தொங்கின. நடந்தால் தலையில் இடித்தன.

தாள் தனித்தனியாக வேண்டும் என்பதால் சணல் தையலை அறுக்க வேண்டியிருந்தது. பாதிப் புத்தகம் தாண்டியதும் ஒரு தாளை விரித்தேன். தையலுக்குள் மாட்டி இருந்த உள் ஓரம் முதல் தடவை வெளிச்சம் பார்த்தது. அதில் பென்சில் இருந்தது.

'ஓரத்தில் எழுதினால் ஏசுகிறார். உள்ளே எழுதினால் தெரியாது.'

நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். "நானா," என்றேன்.

மிச்சம் இருநூறு பக்கமும் உள் ஓரத்தில் அந்தம்மா இருந்தார்கள். பிறகு யாரோ தைத்த சணலின் ஓட்டை அங்கங்கே ஒரு எழுத்தைத் தின்றிருந்தது. 'மழை.' 'இன்று அவர் ஊரில் இல்லை. பால் இரண்டு தரம் பொங்கியது.' கடைசிப் பக்கத்துக்கு வந்தேன். பாட்டு முடிகிற இடத்தில், தையலுக்கு ஒட்டினாற்போல் இருந்தது. 'முடித்துவிட்டேன். பால் பொங்கவில்லை.'

நானா அதை இரண்டு தரம் வாசித்தார். கண்ணாடியைத் துடைத்தார். "நல்ல பொம்புள," என்றார் மறுபடி.

உள் ஓரம் மறையாதபடி, விரித்தால் தட்டையாகப் படுக்கும்படி தைத்தேன். என் வாழ்க்கையில் அப்படி ஒரு தையல் தைத்ததில்லை. கடைசியில் வெறுந்தாள் இரண்டு வைப்பது வழக்கம். நான் பதினாறு வைத்தேன். போகிற ஊரில் எழுத வேண்டுமே.

நாலாம் நாள் வந்தார்.

"வெட்டிட்டேன்," என்றேன். "ஒட்டிட்டேன்."

அவர் முகம் வெறுந்தாள் போல ஆனது. புத்தகத்தை வாங்கி ஒவ்வொரு தாளாக விரல் வைத்துத் தடவிப் பார்த்தார். ஒரு இடத்தில் விரல் நின்றது. மைக்காரன் எழுதிய 'இப்பாட்டு மிகவும் பிழை' என்பதில் கடைசிச் சொல் பென்சிலில் இருந்தது. 'இப்பாட்டு மிகவும் அழகு.' இரண்டு பக்கம் தள்ளி அந்தம்மாவின் வரி 'இன்றைய பனி மிகவும் பிழை' என்று மையில் முடிந்தது.

"மாத்தி ஒட்டிட்டேன்," என்றேன். "பிரிச்சி ஒட்டுறேன்."

"இருக்கட்டும் தம்பி. மைக்காரன் வாயில ஒரு நல்ல வார்த்த வந்திருக்கு. பிரிக்காதீங்க." பிறகு நனைந்த கோட்டைப் பார்த்துக்கொண்டார். "பனியப் பத்திச் சொன்னதும் சரிதான்."

அப்போதும் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. பாதிப் பக்கத்துக்கு வந்தார். வழக்கம் போல அங்கே நின்றார்.

"திருப்புங்கண்ணே," என்றேன். "உள்ள பாருங்க."

திருப்பினார். அந்தத் தாள் தட்டையாகப் படுத்தது. வாசித்தார். வெகுநேரம் கழித்துப் புத்தகத்தை மூடினார்.

"முடிச்சாங்களா?"

"முடிச்சாங்க."

"எப்படின்னு சொல்லாதீங்க."

சொல்லவில்லை.

அவர் போன நாள் நான் பதுளை ஸ்டேஷனுக்குப் போனேன். மேடை முழுக்கத் தகரப் பெட்டி, பாய், அழுகை. அவர் பெட்டி மேல் உட்கார்ந்து கடைசியில் நான் வைத்த வெறுந்தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"தம்பி, இதுல ஓரம் எங்க இருக்கு?"

"தாள் முழுக்க ஒங்களுக்குத்தான்."

"நடு இருந்தாத்தானே தம்பி ஓரம்? நடுவுல ஏதாச்சும் எழுதிக் குடுங்க. நான் பக்கத்துல எழுதிக்கிறேன்."

"எனக்கு எழுத என்ன இருக்கு."

அவர் பென்சிலை நீட்டினார். நூல் பொத்தானிலிருந்து என் கை வரை வந்தது. அவருக்குப் பக்கத்தில் குனிந்து நின்றுதான் எழுத வேண்டியிருந்தது. தாளின் நடுவில் எழுதினேன். 'இனி எங்கள் கடையில் ஓரம் பார்க்க ஆளில்லை.'

அவர் அதை வாசித்தார். நான் பார்த்தவரை அவர் நடுவிலிருந்து ஆரம்பித்து வாசித்தது அது ஒன்றுதான். பென்சிலைத் திரும்ப வாங்கி ஓரத்தில் பொடி எழுத்தில் ஏதோ எழுதினார். ரயில் நகர்ந்த பிறகு ஜன்னலில் அந்தப் பக்கத்தை விரித்துப் பிடித்துக் காட்டினார். கூடவே நடந்து வாசித்தேன்.

'பால் பொங்கிவிட்டது. இதோடு நிறுத்துகிறேன்.'

கடைக்கு வந்தேன். நானா பெஞ்சில் தேத்தண்ணியை நகர்த்தி வைத்தார். வெறும் சாயம். நாடு முழுக்கப் பால் மாவுக்குத் தட்டுப்பாடு. கடையில் பால் கண்டு மாதக்கணக்கு ஆகியிருந்தது.

"போயிட்டாரா?"

"போயிட்டார்."

என் முகத்தைப் பார்த்தார். "கண்ணு ஏன் செவந்தீக்குது?"

"பால் பொங்கிருச்சு நானா," என்றேன்.